கல்லறைக் கம்பியில் ஒரு தூளி

நான் காதை வைத்துப் பிழைக்கிறவள். நொய்டாவில் ஒரு செய்திச் சேனலில் ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்யும் வேலை. மந்திரி பேசும்போது பின்னால் யாராவது இருமினால் அதை எடுத்துவிடுவேன். இருமியது ஆணா பெண்ணா, எவ்வளவு தூரத்தில் நின்று இருமினார் என்பதைக்கூட ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். பாம்புச் செவி என்று அம்மா திட்டுவாள். அப்படிப்பட்ட என்னிடம், நான் கேட்ட ஒரு சத்தத்தை நான் கேட்கவே இல்லை என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எட்டாவது மாதத்தில் எனக்கு ரத்த அழுத்தம் எகிறி, அவசரமாக அறுவை சிகிச்சை செய்தார்கள். முதுகில்தான் ஊசி போட்டார்கள், அதனால் முழு மயக்கம் இல்லை. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தது. ரத்தம் நிற்கவில்லை என்று யாரோ ஹிந்தியில் சொன்னார்கள். என் முகத்தில் எதையோ வைத்து அழுத்தினார்கள். அப்படியே கீழே, கீழே போய்க்கொண்டிருந்தபோதுதான் கேட்டது. ஒரு அழுகை. ஊரைக் கூட்டும் அழுகை இல்லை. சின்னதாக, இரண்டு தரம், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு.

மூன்றாம் நாள் ஐ.சி.யு.வில் கண் விழித்ததும் என் கணவரிடம் நான் முதலில் கேட்டது, "குழந்தை அழுதுச்சுல்ல?" என்பதுதான். அவர் இல்லை என்றார். பெண் குழந்தை என்றும், பிறக்கும்போதே உயிர் இல்லை என்றும், மற்றதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொன்னார். மற்றது என்றால் என்ன என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. தெம்பு வந்த பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விடுவார். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குக் குறைவே இருந்ததில்லை. ஆஸ்பத்திரி ஃபைலைக் கேட்டால், வீடு மாறியபோது தொலைந்துவிட்டது என்பார்.

அழுகை மட்டும் தொலையவில்லை. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு முனகல் வருமே, அதில் இருந்தது. லிஃப்ட் நிற்கும் சத்தத்தில் இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு பட்ஜெட் பேச்சை வெட்டிக்கொண்டிருப்பேன். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் அது கேட்கும். திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அலைக்கோடு தட்டையாகக் கிடக்கும். மயக்க மருந்தில் இப்படியெல்லாம் தோன்றும் என்று ஒரு டாக்டரம்மா விளக்கினாள். அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அவளைப் பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும்போது, எங்கள் தமிழ்ப் பூசையில் ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். அப்பா பெயரை எழுதுவேன், சித்தப்பா பெயரை எழுதுவேன். அதற்குக் கீழே பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அழாத குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை, ஞானஸ்நானம் இல்லாததற்குப் பெயர் இல்லை, பெயர் இல்லாததை எப்படி எழுதுவது? அழுதது என்றால் எல்லாமே வேறு. எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அவள் அழுதாளா, இல்லையா?

போன பிப்ரவரியில் இரண்டு நாள் டில்லியை விட்டு வெளியே போகலாம் என்றார் என் கணவர். குர்கானில் அவருடன் வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி, உத்தரப் பிரதேசத்துக் கரும்புக் காட்டுக்குள் ஒரு பண்ணை வீடு. காரில் மூன்று மணி நேரம். சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்குக் கிராமம் என்றால் ரயில் ஜன்னலில் ஓடுவது. தூத்துக்குடிக்காரரான அவருக்கோ இந்தக் கோதுமை வயலும் எருமையும் வேறு தேசம். இரண்டு பேரும் சேர்ந்து, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய இட்லிப் பொடியை ஆலூ பராட்டாவுக்குத் தொட்டுக்கொண்டு, காற்று எவ்வளவு சுத்தம் என்று வியந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் வெல்லம் காய்ச்சும் புகை மூக்கை அடைத்துக்கொண்டிருந்ததை இருவரும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பண்ணை வீட்டுக்காரர்தான் சொன்னார், கிராமத்துக் கோடியில் ஒரு பழைய கிர்ஜா, அதாவது மாதா கோயில், இருக்கிறது, நீங்கள் கிறிஸ்தவர்கள்தானே, பார்த்துவிட்டுப் போங்கள் என்று. முதலில் அதை ஒரு ஐரோப்பியப் படைத்தலைவன் கட்டினான் என்றவர், அடுத்த மூச்சில் அவன் மனைவி கட்டினாள் என்றார். எப்படியோ, யாரோ கட்டியிருந்தார்கள்.

"பூசை கிடையாதாம். பூட்டிக் கெடக்கும். எதுக்குப் போகணும்?" என்றார் என் கணவர்.

"பூசை இல்லாட்டி என்ன? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கோயில் வாசலை மிதிக்காம கார்ல ஏற முடியுமா?"

அவர் கோயிலுக்கு மறுக்கிறவர் அல்ல. கோயிலைச் சுற்றிக் கல்லறைகள் இருக்கும் என்று பண்ணை வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் முகம் மாறியது. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் விடவில்லை. நான் ஒன்றைப் பிடித்தால் அப்படித்தான்.

பனிமூட்டம் அன்று பத்து மணி வரை விலகவில்லை. கரும்புக்கு நடுவில் நடந்து போகும்போது கோயில் தெரியவே இல்லை. திடீரென்று முன்னால் ஒரு சுவர் வந்துவிட்டது. சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்த சுவர். ஒற்றைக் கோபுரம், அதன் தலை பனிக்குள் இருந்தது. கதவு சாத்தியிருந்ததே தவிரப் பூட்டியிருக்கவில்லை. நாங்கள் இருவரும் வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றினோம். தரை ஐஸாகக் குத்தியது. இந்த ஊரில் யாரும் கழற்றுவதில்லை என்று எங்களுக்குத் தெரியாது.

உள்ளே நாலு பெஞ்சு, ஒரு பீடம், நனைந்த சுவரின் வாடை. வேலைப் பழக்கத்தில் நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அந்த இடத்தின் மௌனத்தைக் கேட்பேன். வெறும் அறைக்கும் ஒரு சத்தம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. இந்த அறையில் எதுவுமே இல்லை. புறாக்கூட இல்லை. சுவரில் பதித்த பளிங்குப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன். படைவீரர்களின் பெயர்களாக இருக்கும் என்று நினைத்தால், பாதிக்கு மேல் குழந்தைகள். நான்கு மாதம். பத்தொன்பது நாள். ஒரே தாய்க்கு மூன்று. அத்தனைக்கும் பெயர் இருந்தது. இந்தப் பரங்கிப் பெண்கள்மீது எனக்குப் பொறாமையாக இருந்தது. இறந்துபோன பிள்ளைகளின் பெயர்ப் பலகையைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படலாமா? பட்டேன்.

அப்போதுதான் அழுகை கேட்டது. வெளியே, பனிக்குள், நீட்டி ஒரு தரம்.

இந்தச் சத்தம் எனக்குள் கேட்பது அல்ல, நிஜமானது என்று எனக்கு உடனே தெரிந்தது. இரண்டாம் தரம் கேட்டபோது மயில் என்றும் தெரிந்தது. அந்தப் பக்கத்து வயல்களில் மயில்கள் மேய்கின்றன. ஆனால் திரும்பிப் பார்த்தபோது என் கணவர் பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மயில்தாங்க" என்றேன்.

"தெரியும்" என்றார். தெரிந்த முகமாக அது இல்லை.

பின்பக்கக் கதவு வழியாகக் கல்லறைப் பக்கம் போனேன். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கல்லறைகள் பனியில் முட்டளவு வரைதான் தெரிந்தன. சில உடைந்து, சில முளைத்த அரசஞ்செடியில் பிளந்து கிடந்தன. நடுவில் மூன்றடி நீளத்தில் ஒரு சின்னக் கல்லறை, அதைச் சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி. கம்பி முழுக்கத் துணிகள். கிழிந்த சேலைத் துண்டுகள், துப்பட்டா ஓரங்கள், குழந்தைச் சட்டையின் கை ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இரண்டு முனையும் கட்டப்பட்டு, நடுவில் தொய்ந்து தொங்கியது.

தமிழ் வீட்டில் பிறந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. தூளி. பிள்ளை வேண்டிக் கட்டும் தொட்டில். வேளாங்கண்ணியில் மரத்தொட்டிலாகக் கட்டுவார்கள், அம்மன் கோயில் வேம்பில் மஞ்சள் துணியில் கட்டுவார்கள். எந்தச் சாமியானாலும் பிள்ளை இல்லாதவள் கட்டுவது இதைத்தான். கண்காணாத உத்தரப் பிரதேசத்துக் கரும்புக் காட்டிலும் இதே வேண்டுதலா? இனி யாரிடமும் பிள்ளை கேட்பதில்லை என்று தீர்மானித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு வயது நாற்பது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. துப்பட்டாவின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். காலியாக இருந்த இரண்டு கம்பிகளைத் தேடிக் கட்டினேன். ஒரு சின்னக் கூழாங்கல்லைப் பொறுக்கி உள்ளே வைத்து மெதுவாக ஆட்டினேன்.

"பேட்டீ, கித்னே தின் கா தா?"

பின்னால் ஒரு பெண்மணி நின்றாள். அறுபதுக்கு மேல் இருக்கும். சால்வையை மூக்கு வரை போர்த்தியிருந்தாள். கையில் துடைப்பம், இடுப்பில் கோயில் சாவி. எத்தனை நாள் குழந்தை என்று கேட்கிறாள். எத்தனை நாள் இருந்தது என்று.

எனக்குப் புரியவில்லை. பிள்ளை இல்லை, அதற்காகத்தான் கட்டுகிறேன் என்று ஹிந்தியில் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் தூளியை ஆட்டுவதை நிறுத்தினாள். வேகமாக இல்லை, கனிவாகத்தான். இங்கே பிள்ளை வேண்டிக் கட்டுவதில்லை, பிள்ளை போன தாய்மார்கள்தான் கட்டுவார்கள் என்றாள். இந்த ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பாட்டி காலத்திலிருந்து வழக்கம். கைக்குழந்தையைப் புதைத்த தாய்க்கு மடி காலியாக இருக்கும், குழந்தைக்கும் படுக்க மடி இருக்காது. அதற்காக ஒரு துணி.

 அவசரமாக முடிச்சை அவிழ்க்கப் போனேன். விரல் விறைத்து, முடிச்சு அவிழவில்லை. அப்புறம்தான் தோன்றியது, ஏன் அவிழ்க்க வேண்டும்? நானும் அந்தத் தாய்தானே.

"எனக்கும் ஒரு பெண் பிறந்து செத்துப்போனாள்" என்றேன்.

"அப்படியானால் இருக்கட்டும்" என்றாள். "பேரைச் சொல்லு. சத்தமாகச் சொல்ல வேண்டும். பேர் சொல்லாவிட்டால் துணி யாருக்கென்று குழந்தைக்குத் தெரியாது. சொல்லு, பேட்டீ."

"பேர் வைக்கவில்லை. செத்தேதான் பிறந்தாள்."

அவள் துடைப்பத்தைக் கல்லறைமேல் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  மயில் கத்தவில்லை. 

அப்போது எனக்குப் பின்னாலிருந்து என் கணவரின் குரல் ஒரு பெயரைச் சொன்னது.

பெண் பெயர். எங்கள் இருவர் வீட்டிலும் யாருக்கும் இல்லாத பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். ஏழு வருடம் என்னிடமிருந்து மறைத்த பெயரை இப்போதைக்கு நானே வைத்துக்கொள்கிறேன்.

அவர் எப்போது வாசலைத் தாண்டி வந்தார் என்று தெரியவில்லை. வெறும் காலோடு ஈரப் புல்லில் நின்றார். "நான்தான் வச்சேன்" என்றார். "தண்ணி ஊத்தி, நானே ஞானஸ்நானம் கொடுத்தேன்."

சாவு ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு, சாமியார் இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். சின்ன வயதில் கோயிலில் நடக்கும் புதுநன்மை வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த பாடம் அது. உயிரோடு இருக்கும் குழந்தைக்குத்தான் கொடுக்க முடியும் என்பதும் அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. அதனால் அவர் வேறு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அழுதாளா?"

"ஆமா."

"ரெண்டு தடவை."

"ரெண்டு தடவை. பொறந்த ஒடனே. வெளில நின்ன எனக்கே கேட்டுச்சி."

கல்யாணமான நாளிலிருந்து அவரை நீங்க என்று மட்டுமே கூப்பிட்டவள் நான். அன்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ மனுஷனாடா?" என்று கத்தினேன். அடித்தேன். தோளில், நெஞ்சில், எங்கே பட்டதோ அங்கே. நான் பைத்தியமில்லை, என் காது பைத்தியமில்லை என்று தமிழிலும் ஹிந்தியிலும் மாற்றி மாற்றிக் கத்தினேன். அவர் தடுக்கவில்லை. அந்தப் பெண்மணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருந்த ஒரு கல்லறையைப் பெருக்கத் தொடங்கினாள். கோபத்தில் எனக்குச் சந்தோஷமும் கலந்திருந்தது. அது கேவலமாக இருந்தது, ஆனால் இருந்தது. அழுதிருக்கிறாள். நான் கேட்டிருக்கிறேன்.

கை ஓய்ந்த பிறகு கல்லறை மேடையிலேயே உட்கார்ந்தேன். அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாள். நுரையீரல் வளரவில்லை. டாக்டர்கள் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். ஒரு மலையாளி நர்ஸ், அவர் கழுத்து ஜெபமாலையைப் பார்த்துவிட்டு, "சேட்டா, கிறிஸ்தியானி அல்லே? வெள்ளம் ஒழிச்சோ" என்று, தண்ணீர் ஊற்றச் சொல்லி, ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். பெயர் என்ன என்று கேட்டிருக்கிறாள். அந்த நிமிடத்தில் வாயில் வந்ததுதான் அந்தப் பெயர். மறுநாள் டில்லியிலேயே, கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளுக்கான பக்கத்தில் புதைத்தார். அவரும் அவருடைய அண்ணனும் மட்டும்.

"ஏன் சொல்லலை?"

"நீ பொழைப்பியான்னு தெரியல. மூணாம் நாளு கண்ண முழிச்சி, அழுதுச்சான்னு கேட்ட. ஆமான்னா அடுத்தாப்ல என்ன ஆச்சின்னு கேப்ப. அதச் சொல்லுததுக்கு எனக்குத் தெம்பில்ல. இல்லன்னுட்டேன். அப்பறமா சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு..." அவர் முடிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. பால் வாங்கப் போக அங்கே கடையும் இல்லை.

அந்தப் பெண்மணி பெருக்கி முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் அவளிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அப்பா சொன்னால் போதாது. அம்மா சொல்ல வேண்டும்" என்றாள். நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மகளின் பெயரை மூன்று தரம் சொன்னேன். வாய்க்குப் பழகாத பெயர், முதல் தடவை நாக்கு தடுக்கியது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. அவள் சிலுவை வரைந்துகொண்டு, குளிரில் நிற்காதீர்கள், செருப்பைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போனாள்.

அவர் இன்னும் குத்துக்காலிட்டபடியே இருந்தார். எனக்கு அவர்மீது இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் முழுதாக வரவில்லை. அவர் பெற்றிருந்த மூன்று மணி நேரத்தில் எனக்கு ஒரு நிமிடம்கூடத் தரவில்லையே என்றுதான் இருந்தது.

"யாரு மாதிரி இருந்தா?"

"தெரியல. ரொம்பச் சின்னது. மூக்கு மட்டும் ஒன்னுது."

"கண்ணைத் திறந்தாளா?"

 "கடைசில கொஞ்ச நேரம் தொறந்திருந்தா. அந்த நர்ஸ்தான், அம்மா இன்னும் பாக்கலையே சேட்டான்னா. துணில சுத்தி எங்கைல கொடுத்து, அவளே முன்னால நடந்து ஐ.சி.யு. வரைக்கும் கூட்டிட்டுப் போனா. உள்ள விட மாட்டாங்க. கதவுல ஒரு கண்ணாடி இருக்கும். அதுக்கு நேரா தூக்கிப் பிடிச்சேன். அந்தா அம்மான்னு காட்டினேன்."

"என்னைக் காட்டினீங்களா?"

"ஆமா. பாத்தா. பாத்துக்கிட்டேதான் இருந்தா."

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டேன்.

"தூங்கிட்டிருந்த" என்றார்.